தகிடவும் தகதிமியும்: டிஜே மேடை கேள்வி–பதில்

காட்பாடி, வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து டிஜே இசை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். "எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்: இரண்டு சேனல், ஜாக் வீல் (பாட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வட்டத் தட்டு), ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கும் கியூ பட்டன், இந்த மூன்றும் இருக்கிற எதுவும் முதல் இரண்டு வருடத்துக்குப் போதும்.

கேள்வி: சென்னையில் கிளப் இருக்கிறது, பெங்களூரில் கேட்கவே வேண்டாம். வேலூரில் எங்கே போய் வாசிப்பது? செமஸ்டர் முடிந்தால் ஊரே காலியாகிவிடுகிறதே?
— மாணவர், காட்பாடி

ஊர் அப்படியேதான் இருக்கிறது, ஹாஸ்டல்தான் காலியாகிறது. இங்கே வாசிக்க நினைப்பவர் இரண்டு காலண்டர் வைத்திருக்க வேண்டும். ஒன்று கல்லூரிக் காலண்டர். வி.ஐ.டி.யின் கிராவிடாஸ் தொழில்நுட்ப விழா பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டியும், ரிவியேரா கலைவிழா பிப்ரவரியை ஒட்டியும் வரும். பெரிய மேடை வெளியூர் நட்சத்திரங்களுக்குப் போய்விடும். உள்ளூர் ஆளுக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய முக்கால் மணி நேரமும், துறை விழாக்களும், ஹாஸ்டல் நாளும்.

இரண்டாவது முகூர்த்தக் காலண்டர். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ரிசப்ஷன்கள் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் வேறொரு சிக்கல்: அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் எல்லாம் போய்விடுவதால், வாடகைக்கு நல்ல பாக்ஸ் கிடைக்காது. அந்த மாதத்தில் நிகழ்ச்சி வைத்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

நட்சத்திரத்துக்கு முந்தைய நேரம் கிடைத்தால் 118 முதல் 122 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை பீட் என்ற வேகக் கணக்கு) நில்லுங்கள். அவர் வாசிக்கப்போகும் ஹிட்டுகளைத் தொடாதீர்கள். கூட்டம் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருக்கும், பாதிப் பேர் கையில் தட்டு இருக்கும். ரிசப்ஷனிலும் அப்படித்தான். முதல் ஒரு மணி நேரம் பெரியவர்கள் சாப்பிடும் நேரம். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவது கேட்கிற அளவில் 95 முதல் 105 பிபிஎம் மெலடி ஓடட்டும். அந்த ஒரு மணி நேரத்தைக் கெடுக்காதவருக்குத்தான் அடுத்த கல்யாணத்துக்கு போன் வரும்.

கேள்வி: 'சிங்க்' பட்டன் அழுத்தி வாசித்தால் சீனியர்கள் சிரிக்கிறார்கள். காதால் பீட் சேர்ப்பதைக் கட்டாயம் கற்க வேண்டுமா?
— முதலாம் ஆண்டு மாணவி, காட்பாடி

சிரிக்கிறவர்களை விடுங்கள். கற்க வேண்டிய காரணம் வேறு. இரண்டு பாட்டின் பீட்டையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டன், பீட் விழும் இடங்களைக் குறித்து மென்பொருள் போட்ட பீட் கட்டத்தை நம்பி ஓடுகிறது. ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசைப் பாட்டுகள் கணினியில் செய்தவை என்பதால் அந்தக் கட்டம் சரியாக உட்காரும். ஆளே உட்கார்ந்து வாசித்த பழைய சினிமாப் பாட்டில் தாளம் ஒன்றிரண்டு பிபிஎம் ஏறி இறங்கும். அங்கே கட்டம் வழுக்கும், சிங்க் உங்களைக் குழியில் தள்ளும்.

பழகும் வழி: 124, 126 பிபிஎம் உள்ள இரண்டு ஹவுஸ் பாட்டுகளை எடுங்கள். திரையில் எண்ணை மறையுங்கள், ஸ்டிக்கர் ஒட்டினாலும் சரி. ஒன்று ஸ்பீக்கரில் ஓடட்டும், மற்றது ஹெட்ஃபோனில். முதல் கிக்கில், அதாவது பெரிய டிரம்மின் 'தும்' அடியில், இரண்டாவது பாட்டை விடுங்கள். இரண்டு கிக்கும் ஒன்றாக விழுந்தால் ஒரே 'தும்'. விலகினால் 'த-தும்' என்று இரட்டையாகக் கேட்கும். ஹெட்ஃபோன் பாட்டு பின்தங்குகிறதா முந்துகிறதா என்று தெரியாவிட்டால் ஜாக் வீலை லேசாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். விலகல் கூடினால் அது பின்தங்கிய பாட்டு, டெம்போ ஃபேடரை ஏற்றுங்கள். குறைந்தால் முந்திய பாட்டு, இறக்குங்கள். தினம் இருபது நிமிடம் போதும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் காது மரத்துவிடும்.

இன்னொரு கணக்கையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 128 பிபிஎம்மில் 32 பீட் என்பது சரியாக 15 விநாடி. இந்த இசையில் மாற்றமெல்லாம் 32-இன் வாசலில்தான் வரும். பீட் கச்சிதமாகச் சேர்ந்தும் 20-ஆவது பீட்டில் அடுத்த பாட்டை நுழைத்தால், பல்லவி நடுவில் சரணம் பாடுவதுபோல் இருக்கும்.

பெரிய மைதானத்தில் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் வந்து சேர 44 மில்லி விநாடி ஆகும். அதைக் கேட்டுச் சேர்த்தால் நிச்சயம் பிசகும். காதருகே ஒரு மானிட்டர் பாக்ஸ் கேளுங்கள், தராவிட்டால் இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனிலேயே கேட்டுச் சேருங்கள்.

கேள்வி: ஹவுஸ் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். குத்துப் பாட்டுக்குத் தாவும் இடத்தில் ஒவ்வொரு முறையும் குதிரை வண்டி கவிழ்ந்த மாதிரி சத்தம். பிபிஎம் ஒன்றாகத்தான் காட்டுகிறது. என்ன தப்பு?
— வாசகர், தொரப்பாடி (இதே கேள்வி ஆரணி, வாலாஜாபேட்டையிலிருந்தும்)

இந்த வட்டாரத்தில் டிஜே வேலையின் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ஹவுஸ் ஒரு பீட்டை நான்காக வெட்டும்: த-க-தி-மி. சதுஸ்ர நடை. நம் டப்பாங்குத்து பெரும்பாலும் மூன்றாக வெட்டும்: த-கி-ட. திஸ்ர நடை. தவிலும் பறையும் பழக்கிய காதுக்கு இது தானாகத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. 112 பிபிஎம்மில் ஓடும் குத்துப் பாட்டை அது 168 என்றோ 84 என்றோ காட்டும், அதாவது ஒன்றரை மடங்கு அல்லது முக்கால் மடங்கு. அந்த எண்ணை நம்பி சிங்க் அழுத்தினால் கவிழ்வது வண்டி மட்டுமல்ல. எனவே முதல் வேலை: கூட்டத்தின் கால் எங்கே தரையில் விழுமோ அங்கே 'டாப்' (tap, தட்டு) பட்டனைத் தட்டி, பிபிஎம்மைக் கையால் பதியுங்கள். வீட்டிலேயே செய்துவிடுங்கள், மேடையில் அல்ல.

எண் சரியானாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். 118 பிபிஎம்மில் ஒரு பீட்டின் நீளம் சுமார் 508 மில்லி விநாடி. ஹவுஸ் பாட்டின் ஹை-ஹேட் (சிறு தாளத் தட்டு) 127, 254, 381-இல் விழும். குத்துப் பாட்டின் அடி 169, 339-இல் விழும். 127-க்கும் 169-க்கும் நடுவே 42 மில்லி விநாடி. இது ஒன்றாகவும் கேட்காது, தெளிவாக இரண்டாகவும் கேட்காது. கால் தடுக்கின மாதிரி இருக்கும். நீங்கள் கேட்ட குதிரை வண்டிச் சத்தம் இதுதான்.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது முதல் அடி மட்டும். எனவே தாவும் இடத்தில் முதல் அடியைத் தவிர எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும்.

124-இல் ஓடும் ஹவுஸிலிருந்து 112 குத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரே பாட்டை 12 பிபிஎம் இழுத்தால் குரல் பிசின்போல் இழையும். இரண்டையும் 118-இல் சந்திக்க வையுங்கள்: ஹவுஸுக்கு 4.8 சதவீதம் இறக்கம், குத்துக்கு 5.4 சதவீதம் ஏற்றம். ஸ்ருதி மாறாமலிருக்க கீ லாக் போட்டிருக்கட்டும். இறக்கத்தை 64 பீட்டுக்குப் பரப்பினால் ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. ஹவுஸ் பாட்டில் கிக் மட்டும் அடிக்கும் இடத்தில் 4 பீட் லூப் போடுங்கள், அதன் ஹை ஈக்யூவை (மேல் ஸ்தாயிக் குமிழை) முழுக்க அடைத்துவிடுங்கள். இப்போது மிஞ்சுவது வெறும் 'தும் தும்'. இதை 16 பீட் தனியாக ஓட விடுவதுதான் சாமர்த்தியம். முந்தைய நடையைக் காது மறக்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு குத்துப் பாட்டை, லோ ஈக்யூ (கீழ் ஸ்தாயிக் குமிழ்) அடைத்த நிலையில், தவில் அல்லது பம்பை தனியாக வரும் இடத்திலிருந்து நுழையுங்கள். எட்டு பீட் கழித்து ஒன்றாவது அடியில் ஹவுஸின் லோவை அடைத்து, குத்தின் லோவைத் திறங்கள். இரண்டு பாட்டின் பேஸும் (கீழ் ஸ்தாயி ஒலியும்) சேர்ந்து ஒரு விநாடிகூட ஓடக் கூடாது.

திரும்பி வரும்போது இதே வழி உதவாது. குத்தில் கிக் மட்டும் தனியாக நிற்கும் இடம் அநேகமாகக் கிடைக்காது. அதற்கு எல்லா ஊரிலும் உள்ள வழி: பாட்டு முடியும் இடத்தில் எக்கோ விட்டு, ஒரு விசில் சத்தத்துக்கு நேரம் கொடுத்து, ஹவுஸை முதல் அடியில் புதிதாக ஆரம்பியுங்கள். கூட்டம் மூச்சு வாங்கும் நேரமும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை: 'குத்து' என்று பேர் போட்டு வரும் புதிய பாட்டுகளில் பல நான்கு நடையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இத்தனை வித்தையும் வேண்டாம். பாட்டைப் போட்டு 'தகிட, தகிட' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் திஸ்ரம், திக்கினால் சதுஸ்ரம்.

கேள்வி: நான் மைக் செட் தொழில் செய்கிறேன். கோயில் திருவிழாவுக்கு வருடக்கணக்கில் ஓட்டிய டாப் பாக்ஸ், காலேஜ் டிஜே நிகழ்ச்சிக்குப் போனால் மட்டும் டயாஃப்ரம் எரிந்து வருகிறது. ஆம்ப் வாட்ஸ் பாக்ஸைவிடக் குறைவுதான். எப்படி எரியும்?
— ஒலி–ஒளி அமைப்பாளர், குடியாத்தம்

வாட்ஸ் குறைவாக இருப்பதே எரிவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. சத்தம் போதவில்லை என்று மேடைக்காரர் மிக்சரை ஏற்றுவார். ஆம்ப் தன்னால் முடிந்த உயரத்துக்குமேல் அலையைத் தூக்க முடியாமல் உச்சியை வெட்டும். இதுதான் கிளிப்பிங். வெட்டிய அலையில் புதிதாக மேல் ஸ்தாயி ஒலிகள் பிறக்கும், அவை நேராக ட்வீட்டருக்கு (மேல் ஸ்தாயி ஸ்பீக்கருக்கு) போகும். அதைவிடப் பெரிய சங்கதி சராசரி. பேச்சிலும் நாதஸ்வரத்திலும் உச்சத்துக்கு நடுவே இடைவெளி உண்டு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) ஆறிக்கொள்ளும். டிஜே பாட்டு ஏற்கெனவே அழுத்தி நசுக்கிச் செய்தது, நான்கு மணி நேரம் ஓய்வே இல்லை. காயில் சூடேறி, ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும்.

யார் தப்பு என்பதை விளக்கே சொல்லும். டிஜே மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் பக்கத்தில் விளக்கு வரிசை உண்டு. சத்தம் கூடிய இடத்தில் பச்சை நிறைந்து முதல் ஆரஞ்சு மினுக்கினால் சரி. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தால் அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. பிறகு உங்கள் பக்கம் எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலைதான் குறைந்த சத்தத்தில் வரும்.

அடுத்த நிகழ்ச்சியில் இந்த வரிசையில் செய்யுங்கள். ஆம்ப் குமிழ்களை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, டிஜேயை அவரிடமுள்ளதிலேயே சத்தமான பாட்டை ஓட்டச் சொல்லுங்கள். அவர் சேனல் ட்ரிம்மை (சேனலுக்குள் நுழையும் சத்தத்தின் குமிழை) ஆரஞ்சு மினுக்கும்வரை வைக்கட்டும், மாஸ்டரும் அப்படியே. அடுத்து உங்கள் மெயின் மிக்சரில் அந்தச் சேனல் கெயினைப் பூஜ்யம் டெசிபல் பக்கம் நிறுத்துங்கள். கடைசியில்தான் ஆம்ப்பை ஏற்ற வேண்டும், மைதானத்துக்கு வேண்டிய சத்தம் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பேஸையும் டாப்பையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் கருவியில் லிமிட்டர் (அளவு மீறாமல் தடுக்கும் வசதி) இருந்தால் டாப்புக்கும் பேஸுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பேஸ் பாக்ஸுக்கு 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அதற்குக் கீழே காதுக்குப் பெரிதாக எதுவும் வராது, கூம்புதான் வீணாக உள்ளே வெளியே போய்வரும். டாப்புக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அதன் சுமை குறையும்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும். காதுக்கு அது லேசான வித்தியாசம்தான். ஏற்ற வேண்டியது பெரும்பாலும் ஆம்ப் இல்லை, பாக்ஸ் வைத்திருக்கும் இடம். பேஸ் பாக்ஸை மேடையின் இரு ஓரத்தில் பிரித்து வைக்காமல் நடுவில் ஒன்றாக அடுக்குங்கள். பிரித்து வைத்தால் சில இடங்களில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸே இல்லாத கோடுகள் விழும். ஏத்தச் சொன்ன பையன் அநேகமாக அந்தக் கோட்டில் நின்றிருப்பான்.

இன்னொன்று: யூடியூபிலிருந்து இறக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, மறுபடி எம்பி3 ஆக்கிய பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்டால் குறை தெரியாது. உங்கள் பாக்ஸில் கரகரக்கும், பழி உங்கள் மேல் விழும். 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது வேவ் கோப்பு வேண்டும் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திறந்த மைதானத்தில் 800 பேர் நிகழ்ச்சி. எத்தனை கேவிஏ ஜெனரேட்டர்? போன வருடம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கடைசிவரை போகவில்லை.
— விழாக் குழு மாணவர், ராணிப்பேட்டை

பாக்ஸ் மேல் எழுதியிருக்கும் வாட்ஸைக் கூட்டினால் தப்பான விடை வரும். ஒரு மாதிரிக் கணக்கு: பேஸுக்கு 8,000, டாப்புக்கு 4,000, மொத்தம் 12,000 வாட் ஆம்ப். நசுக்கிய டான்ஸ் இசையில் சராசரி வெளியீடு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோவாட். புதுவகை கிளாஸ் டி ஆம்ப் இதற்கு 5 கிலோவாட் இழுக்கும். பழைய கனமான ஆம்ப் 8 வரை இழுக்கும். எல்இடி பார் லைட் 24, ஒன்றுக்கு 54 வாட் என்றால் 1.3 கிலோவாட். சுழலும் விளக்கு எட்டு, 2.4. புகை மிஷின் 1.5. சில்லறை 0.3. ஆக 10.5 அல்லது 13.5 கிலோவாட்.

ஜெனரேட்டரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால், பேஸ் அடிக்கும்போதெல்லாம் இன்ஜின் திணறி விளக்கு மங்கும். கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட். 25 கேவிஏ என்றால் 20 கிலோவாட், கிளாஸ் டி செட்டுக்கு அது போதும். பழைய ஆம்ப் என்றால் 30 அல்லது 40 கேவிஏ. எல்இடி திரை வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு, முடிந்தால் தனி ஜெனரேட்டர்.

மின்சாரத்தின் மூன்று ஃபேஸில் ஒன்றை ஒலிக்கு மட்டும் ஒதுக்குங்கள். விளக்கும் புகை மிஷினும் மற்ற இரண்டில். எதையும் செருகும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 240 வோல்ட் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரல் முனை தளர்ந்தால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 400 பக்கம் ஏறும், ஒரே நொடியில் எல்லா ஆம்ப்பும் போய்விடும். முனையைக் கையால் ஆட்டிப் பார்ப்பது வயர்மேன் வேலை, ஓடும்போது யாரும் தொடக் கூடாது. மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் இருப்பார்கள்.

ஒயரையும் கவனியுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 50 மீட்டர் தூரத்துக்கு 16 ஆம்பியர் ஓடினால் சுமார் 14 வோல்ட் வழியிலேயே செலவாகும். 4 அல்லது 6 போடுங்கள். உருளையில் சுற்றியபடி ஒயரை விடாதீர்கள், சுற்று சூடாகி உறை உருகும்.

இரைச்சலுக்கு வருவோம். லேப்டாப் சார்ஜர் ஒரு இடத்தில், ஆம்ப் இன்னொரு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் நடுவே சுற்றும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கும். சோதனை எளிது: சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். டிஜே மேஜையின் மின்சாரத்தை மிக்சர் இருக்கும் அதே போர்டிலிருந்து எடுங்கள். போதாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (எர்த் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) நடுவில் வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினாலும் இரைச்சல் நிற்கும். அதைச் செய்பவரை மேடைப் பக்கம் விடாதீர்கள், அடுத்து மைக்கைத் தொடுபவர் உயிர் அதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி மைதானத்தைச் சுற்றி வீடுகள். மாலை ஆறு மணிக்குப் புகார் இல்லை, அதே சத்தத்துக்கு ஒன்பதரைக்கு போலீஸ் வந்துவிடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது? வேறு வழி இருக்கிறதா?
— விழா ஒருங்கிணைப்பாளர், சத்துவாச்சாரி

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம், அது பண்டிகைகளுக்கானது, உங்கள் விழாவுக்குக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. பொது இடத்தின் எல்லையில் அந்த அளவைவிட 10 கூடுதல் அல்லது 75, இதில் எது குறைவோ அதுதான் உச்சம். ஆக உங்கள் காம்பவுண்டில் 65. மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிலையம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம், அங்கே ஒலிபெருக்கியே குற்றம். வேலூர் மருத்துவமனைகளின் ஊர், இடம் பிடிக்கும் முன் சுற்றிப் பாருங்கள்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 100 என்றால் 80 மீட்டரில் 82, 160 மீட்டரில் 76. 65-க்கு இறங்க அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு பெரிய மைதானம் யாரிடமும் இல்லை. எனவே சத்தத்தைக் குறைப்பதோடு, போகும் திசையையும் பார்க்க வேண்டும்.

ஒன்பதரைப் புகாருக்குக் காரணம் காற்று. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவில் உள்ள மாடி வீட்டில் இறங்கும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வேறு, எதிரொலிக்குக் கேட்கவா வேண்டும்! போக்குவரத்து இரைச்சலும் அடங்கியிருக்கும். மாலையில் சரியாக இருந்த குமிழை எட்டரைக்கு 3, ஒன்பதுக்கு இன்னும் 3 டெசிபல் இறக்குங்கள், முக்கியமாக பேஸை. கண்ணாடியை அதிர வைப்பது அதுதான், ஆனால் 'ஏ' அளவுகோல் வைத்த மீட்டர் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். மீட்டர் சரி என்று சொல்லும், பாட்டி தூங்க மாட்டார்.

மேடைக்குப் பின்பக்கம் வீடுகள் இருந்தால் பேஸ் பாக்ஸ் மூன்றை அடுக்கி, ஒன்றை மட்டும் பின்பக்கம் திருப்புங்கள். அதன் துருவத்தைத் தலைகீழாக்கி, முன் கிரில்லுக்கும் பின் கிரில்லுக்கும் உள்ள தூரத்துக்கேற்ற டிலே (தாமதம்) கொடுங்கள், ஒரு மீட்டர் என்றால் 2.9 மில்லி விநாடி. பின்னால் போகும் பேஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மூன்றும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் நடந்து போய்க் கேளுங்கள். சத்தம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் துருவம் மாறவில்லை.

கேள்வி: விழா முடிந்து வந்த மகளுக்குக் காதில் இரண்டு நாளாக 'ஙீ' என்ற சத்தம். பயப்பட வேண்டுமா?
— தாயார், காந்தி நகர்

ஒரு நாளுக்குள் அடங்குவதுதான் வழக்கம். இரண்டு நாள் தாண்டியதால் காது–மூக்கு–தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானதுபோல் இருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது, திடீரென்று கேட்கும் திறன் குறைவதற்கு ஆரம்பத்திலேயே மருந்து தந்தால்தான் பலன் அதிகம்.

அடுத்த விழாவுக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு 100 டெசிபலை, 15 நிமிடச் சராசரியாக, உச்ச வரம்பென்று சொன்னது. பாக்ஸ் முன்னால் நிற்பது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடை ஃபோம் காதடைப்பு போதும், ஆனால் பலர் காதின் வாசலிலேயே செருகி நிறுத்திவிடுகிறார்கள். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பஞ்சு வைப்பதில் பயனில்லை.

கேள்வி: பறை அடியை வைத்து ஒரு டெக்னோ டிராக் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
— மாணவர், பாகாயம்

பறையைக் காய்ச்சும் இடத்தில். நெருப்பில் காய்ச்சிய தோல் ஆற ஆற ஸ்ருதி இறங்கும், மாட்டிறைச்சிக் கடைத் தோலோ கன்றுத் தோலோ எதுவானாலும். எனவே காய்ச்சி முடித்த பத்து நிமிடத்துக்குள் தனித்தனி அடிகளை எல்லாம் பதிந்துவிடுங்கள். தடித்த அடிக்குச்சி தனியாக, நீள மெல்லிய குச்சி தனியாக, இரண்டும் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக நாலு நாலு. மைக்கை ஒரு மீட்டர் தள்ளி, வளையத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் குச்சிச் சத்தம் மட்டும் 'டக்'கென்று வரும். பதிவு உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும், பலமான அடி ஒன்று எதிர்பாராமல் வரும். ஹாஸ்டல் அறை வேண்டாம், பதிவில் ஏறிய சுவர் எதிரொலியைப் பிறகு நீக்கவே முடியாது. வாசித்தவருக்குப் பதிவுக்கான பணமும், டிராக்கில் பெயரும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

கணினியில் பறை இருக்க வேண்டிய இடம் 200 ஹெர்ட்ஸுக்கு மேல். கீழே வெட்டிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் பக்கம் மின்னணு கிக்குக்கு இடம் விடுங்கள். பலரும் இரண்டையும் முழுசாக வைத்துவிட்டு, பறை எடுபடவில்லை என்று இன்னும் ஏற்றுகிறார்கள். நடை என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். தகிட என்றால் மென்பொருளின் கட்டத்தை டிரிப்லெட்டுக்கு (பீட்டுக்கு மூன்று) மாற்றுங்கள், பிறகும் கட்டத்தில் அப்படியே ஒட்டவைக்காதீர்கள். ஆள் வாசித்த அடி 10, 15 மில்லி விநாடி முன்பின் இருப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ரீப்பர், எல்எம்எம்எஸ், எஃப்எல் ஸ்டூடியோ என்று எந்த இசை மென்பொருளில் செய்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் இசைதானே?
— வாசகர், அணைக்கட்டு

ஹவுஸ் சிகாகோவில், ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த வேர்ஹவுஸ் கிளப்பைச் சுற்றி வளர்ந்தது. டெக்னோவை டெட்ராய்ட்டில் உருவாக்கியவர்கள் வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். நால்வரும் கறுப்பினத்தவர். அதற்குள்ளாகவே, 1982-இல், மும்பை சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் டிஆர்-808, டிபி-303 கருவிகளில் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். அப்போது யாரும் வாங்கவில்லை. 2010-இல் மறுபடி வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கேள்வி: பாட்டு போட உரிமைக் கட்டணம் கட்ட வேண்டுமா?
— ரிசார்ட் மேலாளர், ஏலகிரி சாலை

டிக்கெட் போட்ட நிகழ்ச்சிக்கும் வணிக இடத்துக்கும் வேண்டும். பதிவு செய்த ஒலிக்கு ஒரு உரிமை, அதற்குள் இருக்கும் பாடலுக்கும் மெட்டுக்கும் வேறொரு உரிமை. முதலாவதற்கு பி.பி.எல். போன்ற நிறுவனங்கள், இரண்டாவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். கல்யாணச் சடங்குகளுக்கும் அது சார்ந்த நிகழ்வுகளுக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்கும் அதே பிரிவில் இடமுண்டு. வெளியாளுக்கு டிக்கெட் விற்றால் அதை நம்பாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஓடிய பென் டிரைவ், விழா மேடையிலிருந்த பிளேயரில் 'காலி' என்று காட்டியது. ஏன்?
— மாணவர், விரிஞ்சிபுரம்

பென் டிரைவ் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். மேடைகளில் சுற்றும் பழைய பிளேயர்களுக்கு அவை புரியாது, ஃபேட்32 புரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது, எனவே 32 ஜிபி வாங்குவது சுலபம். 320 கேபிபிஎஸ் பாட்டு நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஆயிரக்கணக்கான பாட்டு பிடிக்கும். வெறுமனே நகலெடுக்காமல் ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள் வழியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அப்போதுதான் நீங்கள் கையால் திருத்திய பீட் கட்டமும் கியூ புள்ளிகளும் (பாட்டில் நீங்கள் குறித்து வைத்த இடங்களும்) கூட வரும். இரண்டு டிரைவில் ஒரே சரக்கை வையுங்கள். ஒன்று பிளேயரில், மற்றது பையில் அல்ல, சட்டைப் பையில்.